நடோட்டெலாவின் மேல்பல்

மார்ச் 4, திங்கள்

காலையிலிருந்து மழை. கரண்ட் இல்லாததால் முடி வெட்டும் மிஷின் ஓடவில்லை. கத்தரிக்கோலை வைத்து மூன்று தலைகள் முடித்தேன், அவ்வளவுதான். என் மனைவி மபாலோ மார்க்கெட்டில் கருவாட்டுக் கூடையோடு நனைந்துகொண்டிருப்பாள். பாப்பா நடோட்டெலா என்னோடு கடையில். எட்டு மாதம் ஆகிறது, இன்னும் ஒரு பல்கூட இல்லை. ஆனால் கடிக்காத பொருள் இல்லை. என் தோள், நாற்காலியின் கைப்பிடி, சீப்பு. சட்டை முழுக்க ஜொள்ளு. முடி வெட்டிக்கொள்ள வந்த ஒருவர், "முசோண்டா, உன் மக கடையையே தின்னுடுவா போல"ன்னு சிரித்தார்.

சீப்பைப் பிடுங்கும்போது அவள் வாய்க்குள் விரல் பட்டது. மேல் ஈறு தடித்திருக்கிறது. மேல் ஈறா? திரும்பத் தடவிப் பார்த்தேன். மேல்தான்.

மபாலோவிடம் சொல்லவில்லை.

மார்ச் 7, வியாழன்

இரண்டு இடத்தில் வெள்ளை தெரிகிறது. கீழே ஒன்றுமே இல்லை.

மார்ச் 9, சனி

மபாலோ பார்த்துவிட்டாள். பால் கொடுக்கும்போது கடித்திருக்கிறாள் பாப்பா. மபாலோ வலியில் கத்துகிறாள் என்று நினைத்து ஓடினேன். கத்தல் வலிக்கு இல்லை. குழந்தையின் உதட்டைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. மேல்பல் முதலில் வந்த குழந்தை குடும்பத்துக்கு ஆகாது, அந்தப் பல் விழும்போதெல்லாம் வீட்டில் ஒரு சாவு விழும் என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். நான் நம்புகிறேனா? இல்லை. பயம் இல்லையா? அதை எழுத வேண்டாம்.

"கீழ்ப்பல் வர்ற வரைக்கும் யாருக்கும் காட்டக்கூடாது"ன்னாள். முதுகில் கட்டிச் சுமக்கும் சிட்டேங்கே துணியைப் பாப்பாவின் வாய்வரை இழுத்துப் போர்த்தினாள். பாப்பாவோ துணியைக் கடித்து இழுத்துச் சிரித்தாள்.

மார்ச் 13, புதன்

க்ளினிக்கில் எடை போடும் நாள். நல்ல எடை. கூட்டம் கரையும்வரை மபாலோ காத்திருந்தாள். பிறகு நர்ஸ் தெம்போவிடம் குரலே வெளியே வராமல் கேட்டாள். நர்ஸ் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "சில பிள்ளைக்கு மேல, சில பிள்ளைக்குக் கீழ. பல்லு வழி கிடைச்ச பக்கம் வரும். இதுல நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல"ன்னார்.

ஈறு நமநமக்கும்போது சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துக் கடிக்கக் கொடுக்கலாம். ஒவ்வொரு வேளையும் தின்ற பிறகு ஈறையும் பல்லையும் துடைக்க வேண்டும். தூங்கும்போது வாயில் இனிப்பு பாட்டில் கூடாது. வேர், சாம்பல், உப்பு எதையும் தேய்க்கக் கூடாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, "யார் துடைப்பீங்க?" என்றார். நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடப் பையன் மாதிரி. வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மார்ச் 14, வியாழன்

துண்டு துவைத்துக் காயப்போடுவது என் தொழில். என்னிடம் போய் சுத்தத் துணியா இல்லை! மெல்லிய துண்டு ஒன்றைச் சதுரமாக வெட்டி, கொதிக்க வைத்து, வெயிலில் காய வைத்து, மூடி போட்ட டப்பாவில் வைத்திருக்கிறேன். அதில் கடைத்துணி எதுவும் கலக்காது.

இன்று முதல் தடவை. விரலில் துணியைச் சுற்றி மெல்லத் தடவினேன். முதலில் முறைத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலை விடவே இல்லை. ஊரில் பாதிப்பேரின் தாடை என் கையில் இருந்திருக்கிறது. இவ்வளவு பயந்து, இவ்வளவு பெருமையாக ஒரு தாடையையும் பிடித்ததில்லை.

மார்ச் 24, ஞாயிறு

எண்டோலா நகரத்திலிருந்து என் அக்கா சிலூஃபியா வந்தாள். மகள் சோம்பாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம், அது பற்றிப் பேச. வந்ததும் பாப்பாவைத் தூக்கினாள், பாப்பா வாயைத் திறந்து சிரித்தாள். அவ்வளவுதான்.

அக்கா உடனே அவளை மபாலோவிடம் கொடுத்துவிட்டாள். தனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், வேர் தேய்த்து அந்தப் பல்லைக் கீறி எடுத்துவிடுவார் என்றாள். நான் முடியாது என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அக்காவிடம் இதுவரை நான் முடியாது என்று சொன்னதில்லை.

"என் மக கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இதப் பாத்தா என்னடா நினைப்பாங்க?"

"பல்லு முளைச்சிருக்குன்னு நினைப்பாங்கக்கா."

"பேசாத. அப்போ இவளைக் கூட்டிட்டு வராத."

ஷிமா சோளக்களியும் கீரையும் தட்டில் அப்படியே இருந்தன. சாப்பிடாமல் போய்விட்டாள். மபாலோ பாத்திரம் கழுவப் போனவள் ரொம்ப நேரம் திரும்பி வரவில்லை.

மார்ச் 30, சனி

காய்ச்சல். பாப்பா உடம்பு அடுப்பாகச் சுடுகிறது. அக்கா எப்படியோ தெரிந்து போன் பண்ணினாள், "நான் சொன்னேன்ல"ன்னாள். பக்கத்து வீட்டுக்காரியும் பல்லுக் காய்ச்சல்தான், தானே போகும் என்கிறாள். தானே போகுமா? துணியை வாயில் வைத்தால்கூடக் கடிக்கவில்லை. கடிக்காத நடோட்டெலாவை நான் பார்த்ததே இல்லை. காத்திருக்கப் போவதில்லை, க்ளினிக்குக்குக் கிளம்புகிறோம்.

மார்ச் 31, ஞாயிறு

மலேரியா. பல் இவ்வளவு காய்ச்சலைக் கொண்டுவராதாம். பல் என்று நினைத்து வீட்டிலேயே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! மருந்து உள்ளே போய்விட்டது. என் குழந்தை... என்னம்மா, முழிச்சுப் பாரு. அப்பா இருக்கேன்.

ஏப்ரல் 3, புதன்

என் விரலைக் கடித்தாள். நன்றாக வலித்தது. மபாலோவும் நானும் சிரித்துச் சிரித்து அழுதோம்.

ஏப்ரல் 5, வெள்ளி

குட்டி பிரஷ் வாங்கினேன். பற்பசை அரிசி மணி அளவுதான், அதற்கு மேல் இல்லை. பிரஷை அவளே பிடித்துக்கொண்டு என் மூக்கைத் தேய்த்தாள். கடைக் கண்ணாடி முன்னால் நாற்காலியில் உட்கார வைத்து, நானும் என் பிரஷை எடுத்துக்கொண்டேன். என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். பெஞ்சில் காத்திருந்த இருவர் அவள் பல்லைப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து போய்விட்டார். மற்றவர், "அடுத்து எனக்கும் தேய்ச்சு விடுவியா?"ன்னு கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

ஏப்ரல் 16, செவ்வாய்

அக்கா வீட்டில் நாலு கோழி செத்துப்போச்சாம். காரணம் என் மகளின் பல்லாம். அந்தத் தெரு முழுக்கக் கோழிகளுக்குச் சீக்கு. எல்லாக் கோழியையும் இவள்தான் இங்கே லுவான்ஷ்யாவில் இருந்துகொண்டே பார்த்துக் கொன்றாளா? மபாலோவிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "நாலு கோழி அவ்வளவு தூரத்துலேர்ந்தா? என் மக கெட்டிக்காரிதான்"ன்னாள். பல் தெரிந்த நாள் முதல் அவள் அடித்த முதல் கேலி.

ஏப்ரல் 26, வெள்ளி

நாளைக்குக் கல்யாணம். நான் மட்டும் போய்வருகிறேன் என்றேன். மபாலோ பாப்பாவின் மஞ்சள் கவுனை மடித்துக்கொண்டிருந்தாள்.

"மூணு பேரும் போறோம். வராதேன்னு சொன்னது பல்லுக்குப் பயந்து. நான் பயந்துக்கிட்டு வீட்ல இருந்தா அந்தப் பயம் இவளுக்கும் ஒட்டிக்கும்."

நான்தான் தைரியசாலி என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

நேற்று நடந்ததை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

அக்கா எங்களை வாசலில் பார்த்தாள், வழிவிட்டாள். கூட்டத்தில் சண்டை வேண்டாம் என்று விட்டிருப்பாள். பெண்கள் பாயில் உட்கார்ந்தார்கள், நான் ஆண்கள் பக்கம். பாப்பா மேல் துணி போர்த்தவில்லை. சாப்பாடு முடிந்ததும் மபாலோவே டப்பாவைத் திறந்து, துணியை நனைத்து, பாப்பாவின் பல்லைத் துடைத்தாள். அத்தனை பேர் நடுவில்.

மாப்பிள்ளையின் அம்மா எதிரே இருந்தார். பருமனான, பேச்சு குறைந்த அம்மா. "மேலயா முதல்ல வந்துச்சு?" என்றார். அக்கா முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடம்.

"ஆமாம்மா, மேலதான். தினமும் இவ அப்பாதான் தேய்ச்சு விடறார். பாருங்க எவ்வளவு சுத்தமா இருக்கு."

மபாலோ பளிச்சென்று சொன்னாள். நான் எழுந்துவிட்டேன், எதற்கு என்று தெரியாமல். அந்த அம்மா குனிந்து பல்லைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டினார். பாப்பா போய்விட்டாள், தயக்கமே இல்லாமல். போனதும் அவர் கழுத்துப் பாசிமணியைக் கடித்தாள். "நல்ல கூர்மை"ன்னு சொல்லி மணியை மெதுவாக விடுவித்தார். பாப்பாவைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. பாட்டு தொடங்கும்வரை மடியிலேயே வைத்திருந்தார்.

சிலர் எழுந்து தள்ளி உட்கார்ந்தார்கள். அதையும் எழுதுகிறேன். ஆனால் மபாலோ அசையவில்லை. அந்தப் பாயில் அவள் உட்கார்ந்திருந்த விதம் — என் பெண்டாட்டி!

ஜூன் 9, ஞாயிறு

அக்கா நேற்று மாலை வந்தாள், தானாகவே. பாப்பாவுக்கு ஒரு கம்பளித் தொப்பி. காலையில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் குடத்தோடு குழாயடிக்குப் போனாள். நான் பின்னால் வாளியோடு. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தி, இவளா அந்த மேல்பல் பிள்ளை என்றாள்.

அக்கா குடத்தைக் கீழே வைத்தாள். "என் தம்பி மக பல்லப் பத்திப் பேச நீ யாரு? உன் பிள்ளை பல்லுல கறுப்பு விழுந்திருக்கு, போய் அதத் தேய்ச்சு விடு."

வரும் வழியில் என்னைப் பார்க்காமலே, "எனக்கு இன்னும் பயம்தான். அது நம்ம வீட்டுப் பயம். வெளியாள் பேசக்கூடாது"ன்னாள். சரிக்கா என்றேன்.

சாப்பிட்ட பிறகு துணியை என்னிடமிருந்து வாங்கி, தானே துடைத்துவிட்டாள். மேலே நாலு பல் ஆகிவிட்டது. மபாலோ அன்று காத்திருந்த கீழ்ப்பல்லும் இரண்டு முளைத்து மூன்று வாரம் ஆகிறது. அக்காவுக்குச் சொல்ல வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.