பார்க்காமல் விட்ட பதினொரு கேள்விகள்

பிப்ரவரி 4

அன்புள்ள மகனுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் மதிப்பெண். நானூற்றுப் பத்து. அந்த பிசினஸ் ஸ்கூல் நுழைவுத் தேர்வில் கேட்பது எண்ணூறுக்கு அறுநூறு. சுற்றி வளைத்துச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

தேர்வு மையத்து வாசலில் ஒரு பெண் என்னை நிறுத்தினாள். "ஆன்ட்டி, கூட வந்தவங்க எல்லாம் கீழதான் உட்காரணும்." "நான் கூட வந்தவ இல்லம்மா, எழுத வந்தவ" என்றேன். என் அடையாள அட்டையை இரண்டு முறை பார்த்தாள். பிறகு கைரேகை வைக்கச் சொன்னாள். வயதானால் ரேகையும் தேய்ந்துபோகுமாம். ஐந்தாவது தடவைதான் அந்த இயந்திரம் என்னை மனுஷியாக ஒப்புக்கொண்டது.

கேள்விகள் கடினமில்லை. இரண்டு குழாய்கள் ஒரு தொட்டியை நிரப்புகின்றன, மூன்றாவது காலி செய்கிறது. (அதை மூட மறந்தவனை முதலில் வேலையை விட்டு அனுப்ப வேண்டும்.) சிக்கல் என்னவென்றால், ஏதாவது ஒரு விடையைத் தொடாமல் அடுத்த கேள்விக்குப் போக அந்தக் கணினி விடாது. தெரியாததற்கு விடை சொல்வது பொய் சொல்வதற்குச் சமம் என்று கான்வென்டில் சிஸ்டர்கள் மணிக்கட்டில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆகவே ஒவ்வொன்றையும் உட்கார்ந்து போட்டேன். சரியாகவே போட்டேன். அதற்குள் நேரம் முடிந்து திரை வெளுத்துவிட்டது. பதினொரு கேள்விகளை நான் பார்க்கவே இல்லை.

டிசம்பரில் சாப்பாட்டு மேஜையில் நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "அப்பா போய் ஒன்பது வருஷம் நீங்க ஓட்டினது போதும்மா. வித்துடலாம். மேனேஜ்மென்ட்டெல்லாம் உங்களுக்குப் புரியாது." அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பாதி உன் பெயரில், பாதி என் பெயரில். அன்றைக்கே பந்தயம் கட்டினோம்: நான் அறுநூறு எடுத்தால் விற்கும் பேச்சை நீ விட வேண்டும். ஜூலைக்குள் எடுக்காவிட்டால் நான் கையெழுத்துப் போட வேண்டும். பேச்சு பேச்சுதான். ஜூனில் மறுபடி எழுதுகிறேன்.

முதுகு வலி. மற்றபடி சுகம். வேளைக்குச் சாப்பிடு.

அம்மா

பிப்ரவரி 19

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் பேசினால் நம் இருவருக்கும் சண்டையில்தான் முடிகிறது. நீங்கள் எழுதியதே நல்லது. குழாய் மூட மறந்தவனை நினைத்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அம்மா, நீங்கள் கணக்கில் தோற்கவில்லை, கடிகாரத்திடம் தோற்றிருக்கிறீர்கள். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம். அதற்குள் பிடிபடாவிட்டால், கொடுத்திருக்கும் ஐந்து விடைகளில் நிச்சயமாகத் தப்பானவற்றைத் தள்ளுங்கள். மிச்சத்தில் ஒன்றைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். தப்பான விடையைவிடப் பார்க்காத கேள்விக்குத்தான் அங்கே தண்டனை அதிகம். இதில் பொய் எதுவும் இல்லை. சிஸ்டர்கள் கோபித்துக்கொண்டால் பழியை என்மேல் போட்டுவிடுங்கள்.

பயிற்சித் தாள்கள் பத்து அனுப்பியிருக்கிறேன். போட்டு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். இனி அலுவலக முகவரி வேண்டாம், அங்கே தபால் பிரிவை மாற்றிவிட்டார்கள்; இந்தக் கடிதமே ஒரு நண்பர் கைவழியாகத்தான் வந்தது. வீட்டுக்கே அனுப்புங்கள்.

தொழிற்சாலையை வாங்க வருகிறவர் வாரம் ஒரு தடவை கூப்பிடுகிறார். ஜூலை வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

கண்ணாடியை மாற்றினீர்களா?

உங்கள் மகன்

மார்ச் 11

அன்புள்ள மகனுக்கு,

கண்ணாடியை மாற்றிவிட்டேன். எழுத்து பெரிதாகத் தெரிகிறது, புரிவது பழையபடிதான்.

காலை ஐந்தரைக்குத் தொழிற்சாலைக்கு வந்துவிடுகிறேன். வீட்டில் படித்தால் நாற்காலி தூங்கச் சொல்கிறது. பெட்டி கட்டும் மேஜையில் தாளை விரித்து, ஆட்கள் வரும்வரை போடுகிறேன். எட்டரைக்குப் பிறகு ஆர்டர், லாரி, மின்வெட்டு. சாயங்காலம் கண் எரிகிறது. அறுபத்தெட்டு வயதில் ஒருத்தி நிகழ்தகவு படிக்கிறாள் என்றால் அவளுக்குப் பிடிவாதத்தைத் தவிர வேறு நோய் இல்லை.

பசை மேஸ்திரி நேற்றுப் பார்த்துவிட்டார். "என்னம்மா, காதல் கடுதாசி மாதிரி மறைச்சு மறைச்சு படிக்கிறீங்க?"

"பரீட்சை எழுதப் போறேன்."

"பாஸானா எங்களுக்குச் சம்பளம் ஏறுமா?"

ஏறாது, ஆனால் நாற்பது பேருக்கும் வேலை இருக்கும் என்று நான் சொல்லவில்லை. "என் மகன் இதை ஒரே தடவையில எழுதித் தேறினவன். அதே ரத்தம் எனக்கும் இருக்குமில்ல" என்றேன். அவருக்கு இந்தக் கதையைப் பதினைந்து வருஷமாகச் சொல்கிறேன். பாவம், இன்றைக்கும் முதல் தடவை கேட்பதுபோல் தலையாட்டினார்.

உன் திருத்தம் நன்றாக இருக்கிறது. கேள்விக்கு அரைப் பக்கம் விளக்கம் எதற்கு? திங்கட்கிழமை தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமை திரும்பி வந்து நிற்கிறது. உனக்கு வேறு வேலையே இல்லையா?

நாலாம் தாளில் ஐந்து கேள்விகளை விட்டிருக்கிறேன். தொட மனம் வரவில்லை.

அம்மா

மார்ச் 24

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை இத்தனை வருஷம் எழுதாமல் இருந்துவிட்டேன். பசை மேஸ்திரியிடம் இனிமேலும் அதைச் சொல்ல வேண்டாம்.

நான் ஒரே தடவையில் தேறவில்லை. மூன்று தடவை எழுதினேன். முதல் தடவை நானூற்று அறுபது. இரண்டாவது தடவை அதையும்விடக் குறைவு. அன்றைக்கு வீட்டுக்கு வரப் பயந்து பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பா தேடிக்கொண்டு வந்தார். "அம்மாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத. மூணாவது தடவை வர்ற மார்க்கை மட்டும் சொல்லிக்கலாம். அதுவரைக்கும் நீ கோச்சிங் போறே, அவ்வளவுதான்" என்றார். அப்படியே செய்தோம்.

நானூற்றுப் பத்து என்று முதல் வரியிலேயே எழுத உங்களால் முடிந்தது. என்னால் முடிந்திருக்காது. அதைச் சொல்லத்தான் இதை எழுதினேன். நீங்கள் மனம் தளர வேண்டாம்.

உங்கள் மகன்

மே 18

மகனுக்கு,

எட்டு வாரமாகப் பதில் எழுதவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். முதல் இரண்டு வாரம் கோபம்தான். பிறகு வெறும் களைப்பு.

தோற்றதை மறைத்தது பெரிதில்லை. நான் வரும் சத்தம் கேட்டதும் ஒரே வீட்டில் இரண்டு பேர் பேச்சை மாற்றியிருக்கிறீர்கள். நானும் அதற்கு நடுவில் பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறேன். உன் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. அவருக்கு எப்போதுமே இந்த அதிர்ஷ்டம் உண்டு.

நான் அத்தனை பொல்லாதவளா? இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

ஜூன் 14 அன்று தேர்வு. மிச்சத் தாள்களை அனுப்பியிருக்கிறேன்.

அம்மா

ஜூன் 15

அன்புள்ள மகனுக்கு,

அறுநூற்றுப் பத்து.

வாசலில் அதே பெண். "ஆன்ட்டி, திரும்பவும் வந்துட்டீங்களா!" "நீயும்தான் அங்கேயே நிக்கிற" என்றேன். சிரித்தாள். கைரேகை இரண்டாவது முறையிலேயே விழுந்தது.

எட்டுக் கேள்விகளில் தெரியாமல்தான் தொட்டேன். முதலாவதில் சிஸ்டரின் அடி ஞாபகம் வந்தது. எட்டாவதில் வரவில்லை. கெட்ட பழக்கம் எவ்வளவு சீக்கிரம் படிகிறது பார்.

வெளியே வந்து சந்தோஷத்துக்காக பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தேன். அது வரவில்லை. உன் நினைப்புத்தான் வந்தது.

அலுவலகத்துக்குக் கடிதம் எழுதாதே என்றாய். நான் போட்ட தாள் நாலே நாளில் அரை அரைப் பக்கமாகத் திருத்தப்பட்டு வருகிறது. போன மாதம் வந்த தாள்களில் ஒன்றின் பின்பக்கம் பொது நூலகத்தின் முத்திரை இருந்தது, வேலை நாளான ஒரு செவ்வாய்க்கிழமைத் தேதியோடு. இது எனக்கு முதலிலேயே உறுத்தியது. ஆனால் நிச்சயமாகத் தெரியாததை வாயில் எடுக்க மாட்டேன் என்று இருந்துவிட்டேன். நேற்று பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளினேன். விடுப்பு என்றால் இத்தனை மாதம் இருக்காது. உடம்பு சரியில்லை என்றால் உன் கையெழுத்தில் தெரிந்திருக்கும். வேறு கம்பெனிக்கு மாறியிருந்தால் சம்பளத்தை முதலில் எழுதியிருப்பாய்.

உனக்கு வேலை போய்விட்டது. விற்றால்தான் உனக்குக் கையில் ஏதாவது வரும். அப்படியிருந்தும் நான் ஜெயிக்கும்படி உட்கார்ந்து உட்கார்ந்து எழுதி அனுப்பியிருக்கிறாய்.

தப்பென்றால் இரண்டு வரி எழுது. சரியென்றாலும் இரண்டு வரி போதும்.

அம்மா

ஜூன் 21

அன்புள்ள அம்மாவுக்கு,

சரிதான். அக்டோபரிலிருந்து.

டிசம்பரில் அதைச் சொல்லத்தான் வந்தேன். வந்த அன்றே தொழிற்சாலைக்குக் கூட்டிப்போய், இயந்திரத்துக்கு இயந்திரம் நின்று, "எத்தனை பெரிய கம்பெனியில இருக்கான் தெரியுமா?" என்று என்னைக் காட்டினீர்கள். ராத்திரி மேஜையில் வாயைத் திறந்தபோது, வேலை போய்விட்டது என்று வரவில்லை. விற்றுவிடலாம் என்றுதான் வந்தது.

அறுநூற்றுப் பத்து என்பது என் மூன்றாவது மதிப்பெண்ணைவிட அதிகம் அம்மா. ஜெயித்துவிட்டீர்கள். வாங்க இருந்தவரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

வந்துவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் எந்த முகத்தோடு அந்த கேட்டுக்குள் நுழைவேன்? நான் யார் என்று அங்கே எல்லாருக்கும் நீங்கள் சொல்லி வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் மகன்

ஜூன் 26

அன்புள்ள மகனுக்கு,

இன்று காலை எட்டரை மணிக்கு, ஓட ஆரம்பித்த இயந்திரங்களை நிறுத்தச் சொன்னேன். நாற்பது பேரையும் பெட்டி கட்டும் மேஜையைச் சுற்றி நிற்க வைத்தேன். யாரோ செத்துவிட்டதாக நினைத்துத் தலைத்துண்டை அவிழ்த்தார்கள்.

எனக்குப் பேச்சுப் பேசிப் பழக்கமில்லை. இருந்ததைச் சொன்னேன். இந்தத் தேர்வை என் மகன் ஒரே தடவையில் எழுதவில்லை, மூன்று தடவை எழுதினான். நான் இரண்டு தடவை எழுதினேன். முதல் தடவை எனக்கு நானூற்றுப் பத்து. அக்டோபரில் அவன் கம்பெனி அவனை அனுப்பிவிட்டது. எட்டு மாதம் அதை என்னிடம் சொல்லப் பயந்தான். அவன் பயப்படும்படி நான் இருந்திருக்கிறேன்.

பிறகு மேஸ்திரி, "இதுக்காம்மா மெஷினை நிறுத்தினீங்க? அங்க பசை காயுது" என்றார். அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள். நான் அந்த மேஜையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்டிலிருந்து சனிக்கிழமைகளில் எனக்கு பிசினஸ் ஸ்கூலில் வகுப்பு. அன்றைக்கு ஆபீஸ் அறையில் ஒருவர் இருந்தாக வேண்டும். உன் அப்பாவின் நாற்காலி ஒரு பக்கம் சாய்கிறது, உட்காரும்போது பார்த்து உட்கார். மற்ற நாட்களில் கணக்கருக்குப் பக்கத்து மேஜை. நான் குறை சொல்லத்தான் செய்வேன். அதை ஜூலைக்குள் மாற்றிக்கொள்கிறேன் என்று பொய் எழுத முடியாது.

மத்தியானம் மேஸ்திரி அறை வாசலில் வந்து நின்று கேட்டார்: "தம்பி எந்த வண்டியில வர்றாரு? ஸ்டேஷனுக்கு நம்ம லாரி போகட்டுமா?"

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். தேதி போட்டு எழுது.

அம்மா