பனிக்கடலில் காது வைத்தவனுக்கு

மச்சான்,

மூவுலகத்திலும் உள்ள சகலரும் அறியும்படி சத்தியம் பண்ணித் தொடங்குகிறேன். இனி நான் எழுதப்போவதை மட்டக்களப்பு வாவியின் எந்தக் கரையிலும் ஒரு சீவன் நம்பாது. ஊரில் என் பெயருக்கு இருக்கிற மதிப்பு அப்படி.

இன்று காலை கல்குடாக் கரையில் மீன் வாங்க நின்றேன். ஏறாவூரிலிருந்து வந்த லொறியில் உமி போர்த்திக் கிடந்த ஐஸ் பாளங்களை இறக்கினார்கள். ஒருவன் கொளுக்கி போட்டு இழுக்க, பாளம் சீமெந்துத் தரையில் சுரண்டிக்கொண்டு போனது. அந்தச் சத்தத்தோடு ஐஸின் வாசமும் வந்தது. ஐஸுக்கு வாசம் இல்லை என்று சொல்பவர்கள் அதன்மேல் முகங்குப்புறப் படுத்துப் பார்க்காதவர்கள். கையில் மீன்பையோடு அப்படியே நின்றுவிட்டேன். அங்கே மீன் ஏலம் எடுக்கிற என் மருமகளுக்குப் பொறுக்கவில்லை.

“மாமா, வழிய விட்டு நில்லுங்க. நீங்க கரடிக் கதைய எடுத்தா இந்த மீன் நாறிப் போயிரும்.”

“இண்டைக்குக் கரடி இல்ல புள்ள,” என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம், “மாமாக்குச் சுகமில்ல போல” என்றாள்.

கரடிக் கதை உனக்குத் தெரியும். கனடாவின் வட எல்லையில், கடலே கல்லாகிப் போகிற இடத்தில், நான் கருவாட்டுக் குழம்பு வைத்த நாளில் வெள்ளைக் கரடிகள் கோப்பையோடு வரிசையில் நின்றதையும், கடைசிக் கரடி புளி போதாது என்று குறை சொன்னதையும் கல்குடா முதல் மண்டூர் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டேன். நீ மீசையில் தொங்கின ஐஸை உடைத்துத் தேத்தண்ணிக்கு வைத்த கதைக்குத் தனி மவுசு. ஆனால் நாம் அங்கே என்ன வேலை செய்தோம் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதைச் சொன்னால்தான் சிரிக்கிறார்கள்.

கடலின்மேல் றோட்டுப் போட்டோம். உறைந்த விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் ஒரு சுரங்கம். மாரியில் லொறிகள் அங்கே போவதற்குக் கடல் ஐஸின்மேலே பாதை வேண்டும். மேலே கிடக்கும் பனியை வழித்து, ஐஸில் துளை போட்டு, அடியில் இருக்கிற கடல் தண்ணீரையே மேலே இறைத்துப் பரப்பினால் அது உறையும். உறைந்ததன்மேல் திரும்பவும் இறைக்க வேண்டும். வாவிக்கரையில் பிறந்த நான் கடலுக்குத் தண்ணீர் ஊற்றிச் சம்பளம் வாங்கினேன் என்றால் எவன் நம்புவான்?

உன் வேலை அதைவிடப் புதினம். ஒன்றும் இல்லாத வெள்ளை வெளியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த ஐஸுக்கு அடியில் சீல்கள் இருந்தன. நீ அவற்றைக் கடல்நாய் என்பாய். மூச்செடுக்க ஐஸில் துவாரம் வைத்து, அது மூடிப்போகாமல் நகத்தால் சுரண்டிக்கொண்டே இருக்கும். குட்டி போடும் காலத்தில் தாய் அந்தத் துவாரத்துக்கு மேலேயுள்ள பனியைக் குடைந்து ஓர் அறை செய்யும். வெளியில் நிற்பவனுக்கு அது வெறும் பனி மேடு. வழிக்கிற இயந்திரத்துக்கு அதுவும் தெரியாது. ஆகவே எங்கேயாவது அடையாளம் கண்டால் நீ கொடி நட வேண்டும். கொடிக்கு அருகே இயந்திரம் வரக்கூடாது, பாதை வளைந்து போக வேண்டும். கம்பனியின் சட்டம் அது. நீயோ அதைக் கோயில் நேர்த்தியாக்கிக்கொண்டாய்.

அந்த வருடம் கடல் உறையப் பிந்திவிட்டது. வழக்கத்தில் தாய்கள் அறை குடைவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். இரைச்சலைக் கேட்டு அவை வேறு பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். அந்த முறை ஐஸ் தடிக்கும்வரை காத்திருந்து நாம் இறங்கியபோது அவை குடியேறி முடிந்திருந்தன. அந்த அறைகளை மணந்து கண்டுபிடிக்கிற மோப்ப நாய் ஒன்று வருவதாக இருந்தது. அது ஏறிய விமானம் காற்றில் இறங்க முடியாமல் திரும்பிப் போனது.

“மூக்கு வரல்ல எண்டா என்ன மச்சான், நம்மிட்டக் காது இரிக்கு,” என்று சொல்லி, நீ அளவைக் கம்பு ஒன்றை எடுத்து ஐஸில் சரித்து ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துப் படுத்தாய்.

வாவியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறு முனையைக் காதில் வைத்து, மீன் பாடுவதைக் கேட்கிற நம்முடைய வித்தை. அதை வடதுருவத்துக்குக் கொண்டுபோன மகாபுருஷன் நீ ஒருவன்தான். அங்கே மேற்பார்வைக்கு நின்றவரை நாம் வட்டவிதானை என்று கூப்பிடுவோம். வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் விதானை வரம்பில் நடக்கிற மாதிரி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு றோட்டு நீளத்துக்கு நடப்பார். உன் கோலத்தைக் கண்டு அவர் தன் பாஷையில் சொன்னதை நான் தமிழில் எழுதினால் இந்தக் கடதாசி கருகிப்போகும்.

ஆனால் உனக்குக் கேட்டது. ஐஸுக்கு அடியில், நகம் சுரண்டுகிற சத்தம். முகமெல்லாம் பல்லாக எழும்பினாய்.

“வா, நீயும் கேளு. ஆரோ தேங்காய் துருவுற மாதிரி.”

கொடி நட்டாய். வட்டவிதானை பல்லைக் கடித்துக்கொண்டு பாதையை வளைத்தார். அதற்குப் பிறகு நம் இருவருக்கும் கால் நிலத்தில் நிற்கவில்லை. இதைக் கேள்விப்பட்டால் ஒபாமாவே உன்னைக் கூப்பிடுவான் என்று நான் உன்னைப் புளுகி ஏற்றினேன். றோட்டு முன்னேற முன்னேற நீ முன்னால் போய்க் காது வைத்தாய். கேட்ட இடத்தில் கொடி. கேட்காத இடத்தில் கையை அசைப்பாய், இயந்திரம் வரும்.

அங்கேதான் மச்சான், வாவி நம்மை ஏமாற்றியது. மீன் பாடாத இடத்தில் மீன் இல்லையென்று தோணியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பழகியவர்கள் நாம். மேலே காலடி கேட்டால் ஐஸுக்குக் கீழே ஒரு தாய் சுரண்டுவதை நிறுத்திவிட்டு மூச்சடக்கி இருக்கும் என்று நமக்குத் தெரியாது. ஓரிடத்தில் நீ மற்ற இடங்களைவிட அதிக நேரம் படுத்திருந்தாய். வட்டவிதானை கையை விரித்துக் கேட்டார். ஒன்றுமில்லை என்று நீ கையை அசைத்தாய்.

வழிக்கிற அலகு ஒரு மேட்டைப் பிளந்தது. நீ கத்தின கத்தில் இயந்திரம் நின்றது. பனிக்குள்ளே வழுவழுப்பாகக் குடைந்த ஓர் அறை, பாதி இடிந்து கிடந்தது. தரையில் கறுப்புத் தண்ணீர் நிறைந்த துவாரம். சுவரில் வெள்ளை மயிர் ஒட்டியிருந்தது. குட்டியின் மயிர். தாயும் இல்லை, குட்டியும் இல்லை. நீ கையுறையைக் கழற்றி அந்த மயிரைத் தொட்டாய். உன் விரல் நுனி வெளுத்துப்போகும்வரை கையை எடுக்கவில்லை. நான்தான் இழுத்து எடுத்தேன்.

“அந்தக் குளிருக்க பச்சைக் குட்டி தண்ணிக்க போனா உசிரோட இரிக்குமா?” என்று கேட்டாய்.

“தாய் வேற அறைக்குக் கொண்டு போயிருக்கும். அதுகள் ஒண்டுக்கு ரெண்டு வீடு வச்சிரிக்குமெண்டு படிப்பிச்சவங்கதானே.”

“கையக் காட்டினது நான் மச்சான்.”

வேலை நின்றது. மேலிடத்துக்குச் செய்தி போனது. சுற்றிக் கொடி நட்டார்கள். உன்னை யாரும் குற்றம் சொல்லவில்லை, வட்டவிதானை கூட உனக்குத் தன் கையால் கோப்பி ஊற்றித் தந்தார். அது உனக்கு இன்னும் கஷ்டமாகப் போனது. நீ சாப்பிடவில்லை. நான் எனக்குத் தெரிந்த ஒரே மருந்தைக் கொடுத்தேன். தாயும் குட்டியும் பெட்டி படுக்கையோடு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறதைக் கண்டேன் என்றேன். போகிற வழியில் உன்னைச் சுகம் விசாரித்ததாகவும் சொன்னேன். நீ போர்வையை இழுத்து மூடிக்கொண்டாய்.

அடுத்த நாள் நீ எழும்ப முதல் நான் தனியே போனேன். கொடிக்கு வெளியே, நன்றாக எட்டத்தில், கம்பை ஊன்றிப் படுத்தேன். இயந்திரம் ஒன்றும் ஓடவில்லை. அசையாமல் கிடந்தேன். தாடி ஐஸோடு ஒட்டிப்போனது. அப்போது கேட்டது. முதலில் பாரமாக, நிறுத்தி நிறுத்தி ஒரு சுரண்டல். அது நின்றதும் இன்னொன்று. சின்னது, அவசரமானது, தாளம் தப்பினது. நகம் வைத்துப் பழகாத ஒன்று பனியைப் பிறாண்டுகிற சத்தம். நான் அழுதேன். கண்ணீர் உறைந்து, கண் திறக்க முடியாமல் போனது. தடவித் தடவி ஓடிவந்து உன்னை உலுக்கினேன்.

நீ வந்தாய். இருவரும் சப்பாத்து பனியை நொறுக்க நொறுக்க நடந்து போனோம். நீ படுத்தாய். நீ எழும்பியபோது உன் முகத்தில் ஒன்றும் இல்லை.

“நாம நடந்து வந்த சத்தத்துல அடங்கிற்று மச்சான். நேத்தும் இதுதான் நடந்திரிக்கு. ஒள்ளுப்பம் பொறு,” என்றேன்.

நீ பொறுத்தாய். கனக்கப் பொறுத்தாய். காற்று எழும்பிப் பனியை அள்ளி எறியத் தொடங்கியபோது கம்பைப் பிடுங்கினாய்.

“நல்ல கதை,” என்றாய். என் தோளில் தட்டினாய். “நீ இல்லாட்டி நான் இஞ்ச செத்திருவன்.”

நான் சத்தியம் பண்ணினேன். மண்டூர் முருகன் பேரில் பண்ணினேன். கரடிக்கும் அதே முருகனைத்தான் சாட்சிக்கு வைத்தவன் நான்.

அந்த மாரியோடு நீ வேலையை விட்டாய். பிறகு நீ ரொறன்ரோவில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் இருந்ததும், நான் ஊருக்குத் திரும்பியதும், தொலைபேசியில் உன் குரல் வர வர மெலிந்ததும் எழுத எனக்குக் கை வரவில்லை. உன் மகள் சொன்னாள், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் அப்பா அங்கால திரும்பிக்கொள்கிறார் என்று. ஆஸ்பத்திரியிலிருந்து நீ கடைசியாகக் கதைத்தபோது கேட்டாய்.

“அந்தக் குட்டிக் கதைய ஒருக்காச் சொல்லு மச்சான்.”

சொன்னேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். கம்பு, எட்டம், பாரமான சுரண்டல், பிறகு சின்னது. அவ்வளவுதான். நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். மறுகா மெல்லச் சிரித்தாய்.

“இந்த முறை பெட்டி படுக்கையும் இல்ல, சொந்தக்காரனும் இல்ல. உனக்கும் வயசு போயிற்றுடா.”

அதுதான் நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது.

இப்போது அங்கே கடல் இன்னும் பிந்தித்தான் உறைகிறதாம். பனி அறைகள் குட்டி வளர முதலே இடிந்து விழுகின்றனவாம். இடிக்கிறதற்கு நாமும் தேவையில்லை, இயந்திரமும் தேவையில்லை. அந்த ஒன்று அன்றைக்குப் பிழைத்திருந்தாலும் அதற்குப் பிறகு எத்தனை மாரியைக் கண்டிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆறுதல் என்று உனக்கு எழுத என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை மச்சான். நல்ல பொய்யும் வருகுதில்லை.

கரடி பொய். கோப்பை பொய். புளி பொய். உன் மீசைத் தேத்தண்ணி முக்கால்வாசி பொய். அந்தச் சின்னச் சுரண்டல் எனக்குக் கேட்டது.