பெல்ஜியத்து வாசலில் ஒரு ஜோடி ஷூ

திருத்தங்கல்
10-11-2024

அன்புப் பேரன் சூர்யபிரகாசுக்கு அப்பத்தா சுப்புத்தாய் ஆசையோடு எழுதுவது.

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகள் சங்கதி. உன் அத்தை மகள் பிரீத்திகா பல் டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டாள். முதல் வேலையாக என் வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தாள். "அம்மாச்சி, புடுங்குறதுக்குக்கூட ஒண்ணும் மிச்சமில்லையே" என்று வருத்தப்பட்டாள். சித்தப்பா மகன் ராம்குமார் ஆடிட்டர் பரீட்சையில் பாஸ். அவன் தங்கச்சி ரோஷினி யோகாவில் மாவட்டத்திலேயே முதல். தலைகீழாக நின்று வாங்கிய கோப்பையை வீட்டில் நேராகத்தான் வைத்திருக்கிறார்கள்.

இப்போது நீ. நெதர்லாந்தில் படிக்கிறாய், அது ஊருக்கே தெரியும். வருகிற சனி ஞாயிறு ஒன்றில் பக்கத்து நாடு பெல்ஜியத்துக்குப் போகப் போகிறாயாமே, உன் அம்மா சொன்னாள். எதிர்வீட்டுப் பாண்டிலட்சுமி "எம் பேரனுந்தான் துபாய்ல இருக்கான்" என்று ஆரம்பித்தாள். விடுவேனா! "நம்ம தெருவுல வெளிநாடு போன பிள்ளைக எம்புட்டோ உண்டு, வெளிநாட்டுல இருந்து வெளிநாடு போறது எம் பேரன் ஒருத்தந்தான்" என்றேன். காய்கறிக்காரனுக்குக் காசு எடுக்கப் போகிற மாதிரி உள்ளே போய்விட்டாள்.

எல்லையில் போலீஸ் நிறுத்தினால் பயப்படாதே. அப்பா பேர், தாத்தா பேர், நம் பட்டாசுக் கம்பெனி பேர் எல்லாம் தெளிவாகச் சொல்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்பாய். போனில் உன் குரல் கேட்டதும் உங்கப்பன் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறான். கடிதம் என்றால் சாப்பாட்டு நேரத்தில் நான் சத்தமாகப் படிப்பேன், அவன் எழுந்து எங்கே போவான்? கம்பெனியைப் பார்க்க வேண்டிய பிள்ளை மேல்படிப்பு என்று போய்விட்டான் என்ற கோபம் இன்னும் இறங்கவில்லை. "பனியில கெடந்து நம்ம தொழிலே அவனுக்கு மறந்திருக்கும்" என்பதை ஊறுகாய் மாதிரி தினம் ஒருதரம் தொட்டுக்கொள்கிறான். உன்னோடு பேசாமல் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் பேசி நான் கேட்க வேண்டும். எனக்கு அந்த ஒரு குறைதான்.

ஆகவே அந்தப் பெல்ஜியம் போன கதையை நீளமாக எழுது. படிக்கும்போது சாப்பாடு முடிந்துவிடக் கூடாது.

இப்படிக்கு
அப்பத்தா சுப்புத்தாய்


ஐந்தோவன், நெதர்லாந்து
1-12-2024

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த மூன்றாம் நாள் கிளம்பினேன். நேற்றுப் போய்விட்டு நேற்றே திரும்பிவிட்டேன். முதலில் ஓர் ஏமாற்றம்: எல்லையில் போலீஸ் இல்லை. தாத்தா பேர் சொல்ல ஆளே இல்லை. பஸ் ஒரு சின்ன ஊரில் இறக்கிவிட்டது. அந்த ஊருக்குள்ளேயே இரண்டு நாடும் கலந்து கிடக்கின்றன. தரையில் வெள்ளைக் குறிதான் எல்லை. அது தெருவைத் தாண்டி, சில வீடுகளுக்குள்ளும் புகுந்து போகிறது. வீட்டு வாசல் எந்த நாட்டில் இருக்கிறதோ, வீடு அந்த நாட்டைச் சேர்ந்ததாம்.

நான் அங்கே போனதற்குக் காரணம் வேறு. நெதர்லாந்தில் வருஷக் கடைசியில் சில நாட்கள்தான் வெடி விற்கலாம். கோட்டுக்கு அந்தப் பக்கம் பெல்ஜியத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் இங்கிருந்து சனம் அந்த ஊர் வெடிக்கடைக்குத்தான் போகிறது. எனக்கும் பார்க்க ஆசை. பார்த்தால் நம் சிவகாசி பஜார் மாதிரி கூட்டம்.

அங்கேதான் மானம் போனது, அப்பத்தா. கடை வாசலில் கந்தக வாசனையா, பெட்டி வாசனையா தெரியவில்லை, மூக்கில் ஏறியதும் நான் பாட்டுக்கு ஷூவைக் கழற்றிவிட்டேன். நம் கம்பெனி கேட்டில் கழற்றுவோமே, அதே மாதிரி. போனையும் அணைத்து ஷூவுக்குள் போட்டேன். அதோடு விட்டேனா? உள்ளே கால் வைக்கும் முன் தொட வேண்டிய செம்புத் தகட்டைக் கை தேடியது. கதவோரம் மஞ்சளாக ஏதோ இருந்தது. அமுக்கினேன். அது அழைப்பு மணி. கடையே திரும்பிப் பார்த்தது. வெளியே நல்ல குளிர், நான் வெறும் காலுறையோடு நிற்கிறேன்.

கடைக்கார அம்மா பயந்தே போய், "தம்பி, காலில் அடிபட்டிருக்கிறதா?" என்று கேட்டார். "இல்லை, எங்கள் வீட்டில் பட்டாசு செய்கிறோம்" என்றேன். அவருக்கு இன்னும் குழப்பம். உடம்பில் நிற்கும் மின்சாரம் மருந்தில் பாயாமல் இருக்கத் தகட்டைத் தொடுவோம், ஷூ ஆணி உரசிப் பொறி வராமல் இருக்க வெறுங்காலோடு போவோம் என்று விளக்கினேன். அவர் தன் புருஷனைக் கூப்பிட்டார். அந்த ஐயா நாற்காலி போட்டு உட்காரவைத்து, கம்பெனியைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் முதலாளி மாதிரி பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தால் என் ஷூ நிறைய ஆரஞ்சுப் பழமும் பிஸ்கட்டும்! இந்த ஊர்ப் பிள்ளைகள் டிசம்பர் பிறக்கும் சமயம் ஷூவை எடுத்து வைப்பார்களாம். நிக்கோலஸ் என்ற புண்ணியவான் வந்து அதில் தின்பண்டம் போடுவார் என்று நம்பிக்கை. தெருவில் போன ஒரு பாட்டி, யாரோ ஏழைப் பையன் வாசலிலேயே ஷூவை வைத்துவிட்டுக் காத்திருக்கிறான் என்று நினைத்து இதையெல்லாம் போட்டுவிட்டுப் போனாராம். பழத்துக்கு அடியில் போன் பத்திரமாக இருந்தது. பஸ்ஸில் எல்லாவற்றையும் தின்றுவிட்டேன்.

இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் படிக்க வேண்டாமே. ஏற்கெனவே இருக்கிற மரியாதையும் போய்விடும்.

அன்புடன்
சூர்யா


திருத்தங்கல்
19-12-2024

என் ராசா சூர்யாவுக்கு,

படிக்க வேண்டாம் என்ற வரியையும் சேர்த்தே படித்துவிட்டேன்.

கேள். ராத்திரி உங்கப்பன் ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான். ஷூவைக் கழற்றிய இடம் வந்ததும் கை நின்றது. இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"கழட்டுனானாமா?"

"கழட்டுனேன்னுதான எழுதிருக்கான்."

"போனு?"

"அணைச்சு ஷூவுக்குள்ள போட்டானாம்லே. குறுக்க பேசாம கேளு."

செம்புத் தகடு என்று அழைப்பு மணியை அமுக்கினாயே, அந்த இடத்தில் சிரித்தான் பார், ரசம் மூக்கில் ஏறிவிட்டது. உன் அம்மா தலையில் தட்டுகிறாள், அவன் இருமுகிறான், சிரிக்கிறான், மறுபடியும் இருமுகிறான். நீ போனதற்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அப்புறம் ஞாபகம் வந்து முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டான்.

ஆனாலும் வாய் நிற்கவில்லை. காலையில் போர்மேன் பெத்தணனிடம் சொல்லியிருக்கிறான். சாயங்காலம் கம்பெனி வேனில் ஏறுகிற பொம்பளைகள் எல்லாரும் இதே பேச்சு. "சின்ன மொதலாளி அம்புட்டுப் பனியிலயும் செருப்பக் கழட்டிட்டாகளாம்ல" என்று அவர்களில் ஒருத்தி மாடத்தி நம் வீட்டு வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனாள். பாண்டிலட்சுமிதான், "ஏக்கா, வெளிநாட்டுல இருந்து வெளிநாடு போயும் ஒம் பேரன் ஆரஞ்சுப் பழம் பிச்சையா எடுத்தான்?" என்றாள். "சாமியே வந்து போட்டுருக்கு, ஒம் பேரனுக்குத் துபாய்ல யாரு போட்டா?" என்றேன்.

எனக்கு ஒரு சந்தேகம். வீட்டுக்குள் கோடு போனால் அடுப்படி ஒரு நாட்டிலும் கட்டில் ஒரு நாட்டிலுமா? புருஷன் பெண்டாட்டி சண்டை வந்தால் சௌகரியம்தான்.

மறுநாள் உங்கப்பன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அந்தக் கடையில தண்ணித் தொட்டி, மணல் வாளி எல்லாம் எங்கன இருந்துச்சாம்? கால்ல என்ன துணியில காலுறை போட்டுருந்தானாம்?" என்றான். "நீயே கேளேன்" என்றேன். "நான் ஒண்ணும் அவங்கிட்டக் கேக்கலை, பொதுவாக் கேக்கேன்" என்றான்.

ஆகவே இது உங்கப்பன் கேட்டது அல்ல. பொதுவாகக் கேட்கப்பட்டது. சீக்கிரம் பதில் எழுது.

அப்பத்தா


ஐந்தோவன்
5-1-2025

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

பொதுவாகக் கேட்டவருக்குப் பொதுவான பதில்: மணல் வாளி கண்ணில் படவில்லை. சிவப்புச் சிலிண்டர் இருந்தது. தீப்பிடித்தால் தானே தண்ணீர் கொட்டும் குழாய் கூரையில் இருந்தது. காலுறை நைலான்.

அவர் நிஜமாகவே சிரித்தாரா? மூக்கில் ரசம் ஏறுகிற அளவுக்கா? அந்த இடத்தை மட்டும் பல தடவை படித்துவிட்டேன்.

ஆகஸ்டில் படிப்பு முடிகிறது. இங்கே ஒரு வேலை தருவதாகச் சொல்கிறார்கள். எனக்கு மனசு நம் கம்பெனியில்தான் இருக்கிறது. புகை குறைந்த மருந்துக் கலவை பற்றித்தான் இத்தனை நாள் படித்தேன். ஆனால் வந்து நின்றால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வாரோ என்றுதான் யோசனை.

வரலாமா என்று பொதுவாகக் கேட்கிறேன்.

சூர்யா


திருத்தங்கல்
24-1-2025

கண்ணான பேரன் சூர்யாவுக்கு,

உன் கடைசி வரியைப் படித்துவிட்டு நிறுத்தினேன். "ராஜபாண்டி, நான் அஞ்சாப்பு வரைக்குந்தான் படிச்சவ. இதுக்குப் பதில் எழுத என் படிப்பு காணாது, இந்தா" என்று உங்கப்பனிடம் பேனாவை நீட்டினேன். வாங்கிக்கொண்டான். கீழே இருப்பது அவன் கையெழுத்து.

*சூர்யபிரகாஷ், நைலான் காலுறையோடு வெடிக்கடைக்குள் நின்றது தப்பு. நைலான் மின்சாரத்தைப் பிடித்து வைக்கும். அதற்கு ஷூவைக் கழற்றி என்ன பிரயோஜனம்? பருத்தி என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வர வேண்டாம், முடித்துவிட்டு வா. கம்பெனியில் மருந்து கலக்கும் அறைக்குப் பக்கத்தில் உனக்கு ஒரு ரூம் காலி செய்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆகஸ்டில் தீபாவளி ஆர்டர் நெருக்கடி, லோடு ஏற்றவே நேரம் இருக்காது, யாரும் உன்னைக் கூப்பிட வர முடியாது. அதனால் மதுரை ஏர்போர்ட்டுக்கு நானே வருகிறேன். எத்தனை மணிக்கு விமானம் என்று போனில் சொல். எடுப்பேன். - அப்பா.*

எழுதிவிட்டுக் கை கழுவப் போனான். மை ஒன்றும் ஒட்டவில்லை, ஆனாலும் குழாயில் தண்ணீர் ரொம்ப நேரமாக ஓடுகிறது. இன்றைக்கு டிவி போடவில்லை.

நீ ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் பண்ணு. அவன் சாப்பிட்டு முடித்த பிறகு பண்ணு.

இன்னொரு விஷயம். பத்தாம் வகுப்பில் நீ மாலை போட்டுக்கொண்டு நிற்கிற போட்டோ என் கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கழற்றியதோடு காணோம். வீடு முழுக்கத் தேடினோம். கடைசியில் பெத்தணன்தான் மெதுவாகச் சொன்னான்: "கம்பெனியில மொதலாளி ரூம்லதாம்மா மாட்டிருக்காக. நாந்தான் சொன்னேன்னு சொல்லிறாதீக." திருப்பிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. சுவரில் ஆணி மட்டும் நிற்கிறது. எனக்கென்று புதுப் போட்டோ ஒன்று, கொஞ்சம் பெரிதாக, சிரித்த முகமாக எடுத்துத் தபாலில் அனுப்பு.

ஆசையோடு
அப்பத்தா சுப்புத்தாய்