மஹராக வந்த அமெரிக்கக் காசு

முவைலா,
வெள்ளிக்கிழமை

மச்சானுக்கு, ஸலாம்.

நானாகக் கேட்டுப் பிரிவதென்றால், நிக்காஹ்வில் நீங்கள் கொடுத்த மஹரைத் திருப்பித் தர வேண்டுமென்று ஜமாஅத்தில் சொன்னார்கள். நீங்கள் இருக்கும் ஃபஹாஹீலுக்கு வரும் என் தம்பி ஃபவாஸிடம் கொடுத்தனுப்புகிறேன். அதே 1803ஆம் வருஷத்து அமெரிக்கத் தங்கக் காசுதான்.

"கை படக்கூடாது, கீறல் விழுந்தால் மதிப்பே போச்சு" என்று நிக்காஹ் அன்றே சீல் வைத்த பிளாஸ்டிக் பெட்டியோடு தந்தீர்கள். குவைத்திலிருந்து போன் செய்தால் முதலில் அதைத்தான் விசாரிப்பீர்கள், ஈரம் படவில்லையே என்று. எனக்கு டைபாய்டு வந்த வாரமும் அப்படித்தான். காசு நலம் என்று சொன்னேன்.

பெருநாளுக்கு முன்னால் பெட்டியை உடைத்தேன். சத்வாவில் ஒரு நகை ஆசாரியிடம், சங்கிலியில் கோக்க வளையம் வைக்கக் கொடுத்தேன்.

"பழைய காசாச்சேம்மா, யோசிச்சுட்டீங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் என்னுடையதுதான், வையுங்க" என்றேன்.

பெருநாளன்று சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தேன். பக்கத்து ஃபிளாட் ரம்ஸியா, "புதுசா?" என்றாள். ஆமாம் என்றேன்.

மறுநாள் அதே ஆசாரி வளையத்தை எடுத்துக் கொடுத்தார். பற்றவைத்த தடம் மட்டும் போகாதாம்.

எடை போட்டுப் பார்த்துவிட்டேன், கொஞ்சமும் குறையவில்லை. ஜமாஅத்துக்கு அது போதுமாம்.

இப்படிக்கு,
இத்தனை வருஷம் அதைக் காவல் காத்தவள்