பதினேழாம் பக்கத்தில் விட்டுப்போன ராத்திரி

மதிப்பிற்குரிய தலைமை விஞ்ஞானி அவர்களுக்கு,

உங்கள் மனைவி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகளும் நலம். அங்கே உங்கள் நலத்துக்கு ஒரு குறைவும் இருக்காது. போன ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளில் கோட்டும் சூட்டுமாக உங்கள் படம் வந்திருந்தது. ‘ஆய்வகம் தந்த தொழில்நுட்பம்: தலைநிமிர்கிறது ஒரு வட்டாரம்’ என்று தலைப்பு. மகள் அதைக் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். கிழித்துப்போடக் கை பரபரத்தது. அவளுக்காக விட்டுவைத்திருக்கிறேன்.

உங்கள் உறை புதன்கிழமை வந்தது. எனக்கென்று நாலு வார்த்தை இருக்கும் என்று நம்பிப் பிரித்தேன். உள்ளே தட்டச்சு செய்த ஒரு அறிக்கை. கீழே நான் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. பதிமூன்று வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு ஒரு பெருக்கல் குறி. ரொம்ப சந்தோஷம்.

அறிக்கையை மூன்று தடவை படித்தேன். பருத்தித் தண்டில் செய்யும் நம் பலகைகள் உப்புவதற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்லவாம். உலர்த்தும் பகுதிப் பணியாளர்களின் கவனக்குறைவாம். அதை உற்பத்தி மேற்பார்வையாளர் என்ற முறையில் நான் ஒப்புக்கொள்கிறேனாம். வருகிற வியாழக்கிழமை ஆய்வகக் குழு இங்கே கூடும்போது அதைக் காட்டி, எங்கள் ஆலையின் உரிமத்தை ரத்து செய்து, உங்கள் ஊர்ப் பெரிய கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்துவிடுவீர்கள். இதை நீங்கள் எழுதவில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் உங்களை இந்த அளவுக்காவது படித்திருக்கிறேன்.

உலர்த்தும் பகுதிப் பணியாளர் என்று எழுதினீர்களே, அது யார் தெரியுமா? எல்லோரும் மீட்டரக்கா என்று கூப்பிடுவோம். ஈரம் பார்க்கும் மீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீடு வரைக்கும் போய்விடுவாள், அதனால் அந்தப் பேர். உங்கள் கையேட்டை டிரையர் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்து வேலை செய்கிறவள். போன மாதம் என் மேசைக்கு வந்து நின்றாள். “எந்த வரியில நான் தப்பு பண்றேன்னு மட்டும் சொல்லுங்க மேடம், திருத்திக்கிறேன்” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. போய் வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கே என் மேல் ஆத்திரம் வருகிறது.

செய்தித்தாளில் வந்தது பொய் என்று சொல்லவரவில்லை. வட்டாரம் எழுந்து நின்றது உண்மைதான். பஞ்சு எடுத்து முடிந்ததும் காட்டிலேயே போட்டுக் கொளுத்திய பருத்திமாரை இன்றைக்குக் கட்டுக் கட்டாக வண்டியில் ஏற்றி வருகிறார்கள். தண்டை நறுக்கும் இயந்திரத்தை எட்டுப் பேர் சேர்ந்து வாங்கியிருக்கிறார்கள். அதைப் பழுது பார்க்க முக்கில் ஒரு பட்டறை வந்துவிட்டது. முதலாளி தன்னுடைய மரம் அறுக்கும் ஆலையை விற்றுவிட்டு இந்தப் பலகையை நம்பி இறங்கினார். அறுபத்திரண்டு பேர் வேலை செய்கிறோம். இத்தனையும் நீங்களும் நானும் நம் லேபில் மூன்று வருஷம் தூசி தின்று கண்டுபிடித்ததிலிருந்து வந்தது. அந்தப் பெருமை எனக்கும் இருந்தது.

அப்புறம்தான் நம் பலகையில் செய்த பள்ளிக்கூட மேசைகள் உப்பின. பசை கலந்த மாரைச் சூட்டில் அழுத்தும் பிரஸ்ஸைத் திறக்கும்போதே சில பலகைகள் டொப் என்று வெடித்து, நடுவயிறு வீங்கிக்கொண்டு வரும், அவற்றை ஒதுக்கிவிடுவோம். பார்வைக்கு நன்றாக இருந்தவை வெளியே போய் இரண்டு மாதத்தில் வீங்கின. நம் மகள் வகுப்பிலும் அந்த மேசைதான். பிள்ளைகள் அதற்குத் தவளை மேசை என்று பேர் வைத்து, காம்பஸ் முனையால் குத்தி விளையாடுகிறார்கள். யாருடைய அப்பா கண்டுபிடித்தது என்று இவள் மூச்சு விடவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம்தான் கேட்டாள், அப்பாவுக்குத் தெரியுமா என்று. தெரியும் என்றேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் பாதியிலேயே வைத்துவிட்டீர்கள், எழுத்தில் அப்படி வைக்க முடியாது பாருங்கள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிரஸ் நின்றுபோனது. கழுவி, டிரையரில் காயவைத்து எடுத்த மாரெல்லாம் பசை கலக்காமல் தட்டுகளில் பரப்பியபடியே கிடந்தது. மறுநாள் காலையில் பிரஸ் சரியானதும் அதைத்தான் முதலில் எடுத்தோம். ஒரு பலகைகூட உப்பவில்லை. பசை கலக்குகிறவர் சிரித்தார், தினம் ஒரு தடவை பிரஸ்ஸை ரிப்பேர் பண்ணிவிடலாம் என்று. எல்லோரும் மெக்கானிக்கைப் பாராட்டினார்கள். எனக்கு மட்டும் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. பிரஸ்ஸில் ஒரு வால்வு மாற்றினதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. வேறு என்ன மாறியது? ஒரு ராத்திரி. அவ்வளவுதான்.

அப்போதுதான் நம் லேப் கண்முன் வந்தது. அன்றைக்கு மகள் ஒன்றாம் வகுப்பு. நாலரைக்குப் பள்ளி விடும். நான் நாலு மணிக்குக் காய்ந்த மாரைத் தட்டில் பரப்பிவிட்டு அவளைக் கூட்டிவர ஓடுவேன். மறுநாள் காலையில் வந்துதான் பசை கலப்பேன். மூன்று வருஷமும் ஒரு பலகைகூட அதைத் தாண்டி வேறு மாதிரி செய்யவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள், ஞாபகம் இருக்கிறதா? “நீ நாலு மணிக்கு ஓடுறதாலதான் என் வேலை தினம் ஒரு நாள் தள்ளிப்போகுது.” எல்லோர் முன்னாலும் சொல்வீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு பையை எடுத்துக்கொண்டு போவேன்.

அந்த ராத்திரியில் நடந்த வேலையை உங்கள் நோட்டுப் புத்தகம் பார்க்கவே இல்லை. டிரையரிலிருந்து வரும்போது தண்டு வெளியே காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். மீட்டர் வெளியே உள்ளதைத்தான் காட்டும். இரவெல்லாம் கிடந்தால் உள்ளே இருப்பது வெளியே வந்து எல்லாம் ஒன்றுபோல் ஆகிவிடும். உடனே பசை போட்டு அழுத்தினால் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெடிக்கத்தானே செய்யும்? நீங்கள் காலையில் பத்து மணிக்கு வந்து, அதற்கு முன்னால் நடந்ததை என்னிடம் கேட்காமலே ‘உலர்த்தியவுடன் பசை கலக்கவும்’ என்று எழுதினீர்கள். கையேட்டில் பதினேழாம் பக்கம். மீட்டரக்கா அந்த வரியைத்தான் ஒரு நிமிஷம்கூடத் தவறாமல் பின்பற்றிக்கொண்டிருக்கிறாள்.

குருட்டாம்போக்கில் சொல்லவில்லை. அதே மார், அதே பசை. பாதியை உடனே அழுத்தினேன், பாதியை மறுநாள். உடனே அழுத்திய இருபதில் பதினொன்று உப்பின. மறுநாள் அழுத்தியதில் ஒன்றுமில்லை. மூன்று முறை செய்து பார்த்துவிட்டுத்தான் உங்களுக்குப் போன் செய்தேன். சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்தேன், பைத்தியக்காரி. “ராத்திரி முழுக்க சும்மா கிடந்துச்சுன்னு ஒரு விஞ்ஞானி எப்படி எழுத முடியும்? என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க” என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். நாலாம் நாள் இந்த உறை வருகிறது.

உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்பதற்காக அறுபத்திரண்டு பேர் வீட்டுக்குப் போக வேண்டுமா? ஒரு ராத்திரி சேர்த்துப் போட நாங்கள் தயார், முதலாளி தட்டுகள்கூடச் செய்யச் சொல்லிவிட்டார். ஆனால் கையேட்டை ஒரு எழுத்து மீறினாலும் ஆய்வக முத்திரை கிடையாது, முத்திரை இல்லாத பலகையைப் பள்ளிக்கூடங்கள் தொடாது. கையேட்டைத் திருத்தும் அதிகாரம் உங்கள் ஒருவருக்குத்தான் இருக்கிறது. அந்தப் பேனாவை எங்கள் மேல் பழி எழுதத்தான் எடுத்தீர்கள்.

எனக்குக் கோபம் எதில் என்று தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு வரியை விட்டதில் இல்லை. யாரும் விடுவார்கள். லேபில் பக்கத்திலேயே நின்ற ஒருத்தி என்ன செய்கிறாள் என்று மூன்று வருஷம் உங்களுக்குக் கண்ணில் படவில்லையே, அதில். இப்போது அது தெரிந்த பிறகும் எங்கள் தலையிலேயே பழியைக் கட்டப் பார்க்கிறீர்களே, அதில். நீங்கள் பதவி உயர்ந்து போனபோது வீட்டையும் சேர்த்துத்தான் விட்டுவிட்டுப் போனீர்கள் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

அறிக்கையைக் கையெழுத்தில்லாமல் இதோடு வைத்திருக்கிறேன். பின்பக்கம் பாருங்கள். மூன்று சோதனைகளின் அளவுகளையும் எழுதி, அதன் கீழே பதினேழாம் பக்கத்துக்கு வேண்டிய வரியையும் எழுதியிருக்கிறேன்: ‘உலர்ந்ததைத் தட்டில் பரப்பி, மறுநாள் காலை வரை விடவும்.’ உங்கள் கையெழுத்துக்காக நானும் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். என் பெயரைச் சேர்க்க வேண்டாம். கேட்டுக் கேட்டு வாங்குகிற பெயர் எனக்கு எதற்கு?

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். மீட்டரக்காவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். நீங்களே எழுந்து சொன்னால் நான் வாயைத் திறக்க மாட்டேன். சொல்லாவிட்டால் நான் எழுந்திருப்பேன், அப்போது எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று பார்க்க மாட்டேன்.

மகளிடம் அப்பா வருகிறார் என்று சொல்லிவிட்டேன். எத்தனை நாள் இருப்பார் என்று கேட்கிறாள். கூட்டம் முடியட்டும், சொல்கிறேன் என்றேன். விருந்தினர் விடுதியில் உங்களுக்கு அறை போட்டிருப்பார்கள். அங்கே தங்குவதா, இங்கே வருவதா என்பது அன்றைக்குப் பதினோரு மணிக்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. தயவுசெய்து உண்மையைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
வியாழக்கிழமை வரைக்குமாவது உங்கள் மனைவி