குழாயில் அடைப்பில்லை

செவ்வாய், இரவு

கருக்குழாயில் மருந்தை ஏற்றி இன்று எக்ஸ்ரே எடுத்தார்கள். மாதவிடாய் வலி அளவுக்குத்தான் இருக்கும் என்றிருந்தார் டாக்டர். பச்சைப் பொய். அடிவயிற்றை முறுக்கிப் பிழிந்தது. நான் அலறியதும் நர்ஸ், பஸ்ஸில் இடம் கேட்பவள் மாதிரி, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, மேடம்" என்றாள் கன்னடத்தில், கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்க என்று.

அடைப்பு இல்லையாம். அடுத்து கணவருக்கு டெஸ்ட், டப்பாவில் விந்து கொடுத்தால் போதும் என்றார் டாக்டர். என் வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. எலெக்ட்ரானிக் சிட்டி வரும்வரை டாக்ஸியில் போனையே நோண்டிக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தார்.

"அத்தனை பேர் முன்னாடி டப்பாவைத் தூக்கிட்டு எப்படிடி போறது? மானம் போயிடும். உனக்கே இன்னொரு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமே?"

வெந்நீர்ப் பையை வயிற்றிலிருந்து எடுக்காமலே சொன்னேன்: "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி."