டின்ஸ்லி வீட்டு முன்சுவர்

மார்ச் 4
டின்ஸ்லி வீட்டு முன் தாழ்வாரத்தைப் பழையபடி ஆக்கும் வேலை எங்களுக்குக் கிடைத்தது, வெர்லன் மாமாவுக்கும் எனக்கும். பருத்தி முதலாளி ஒருவன் கறுப்பர்களான எங்கள் ஆட்களை அடிமைகளாக வைத்துக் கட்டிய வீடு. பிற்பாடு எங்களில் ஒருவரான பல் டாக்டர் டின்ஸ்லி அதை விலைக்கு வாங்கினார். எங்கள் ஆட்களை ஓட்டுப் போட அழைத்துப் போனார் என்று தெருவில் போன காரிலிருந்து வெள்ளைக்காரர்கள் வீட்டை நோக்கிச் சுட்டார்கள். மறு வாரமே தாழ்வாரத்தைத் தூண்களோடு சேர்த்து ஹாலோ பிளாக் வைத்து அடைத்துவிட்டார். அன்றிலிருந்து குடும்பத்துக்கே பின்வாசல்தான். இப்போது அவர் மகள் மிஸ் ஒசெல்லா சுவரை எடுக்கச் சொல்கிறார்.

மார்ச் 6
நகரப் பழமைப் பாதுகாப்புக் குழுவிலிருந்து விட்லாக் வந்தார்; பழைய வீடுகளில் எதைத் தொடவும் அவர்கள் அனுமதி வேண்டும். வெள்ளைக்காரர், மென்மையான பேச்சு. மிஸ் ஒசெல்லாவிடம் சொன்னார்: "சுவரை எடுத்துருங்கம்மா. அது இந்த வீட்டுச் சரித்திரத்துல சேராது."
வேறு எது சேரும்? பருத்தியா? பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 7
சுவரை இடித்தால் நடந்ததற்குச் சாட்சியே இருக்காது; சுட்டவனுக்குத்தான் வசதி. அப்படித்தானே?

மார்ச் 11
குழுக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். மிஸ் ஒசெல்லாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். சுட்ட கதையைச் சொன்னதும் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சுவரை யாரும் தொடக் கூடாது, பித்தளைப் பலகை வைக்கப்படும் — தீர்மானம். விட்லாக் என் கையைக் குலுக்கினார். ஜெயித்துவிட்டேன். பிறகு ஏன் காரைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தேன்?

மார்ச் 12
மிஸ் ஒசெல்லா கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.
"எங்கப்பா குண்டுக்குப் பயந்து கட்டுனாரு. நீ யாருக்குக் கட்டுற, ரெனி?"
"மறந்துடக் கூடாதுன்னுதான்..."
"நான் மறந்தேனா? மறந்தவங்க எதிர் வீட்டுல இருக்காங்க, அங்க வை உன் பலகைய. நான் காத்து வாங்கணும். தெருவுல யார் யாரோட போறாங்கன்னு பாத்துப் பொறணி பேசணும். செத்தாலும் என்னைப் பின்வாசல் வழியாத்தான் தூக்கணுமா?"
வெர்லன் மாமா வேகவைத்த கடலையை உரித்துக்கொண்டே, "இவளுக்கு வாய் மட்டுந்தான், காது வைக்க மறந்துட்டான் ஆண்டவன்" என்றார்.
மிஸ் ஒசெல்லா சொன்னது சரி. அதனால் நான் சொன்னது தப்பா? இரண்டும் எப்படி —

மார்ச் 16, ஞாயிறு
அலபாமாவில் ஞாயிறு காலை ஊரே தேவாலயத்தில்தான். சம்மட்டியோடு போனேன். மாமா கடப்பாரையோடு எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார்.
"குழுக்காரங்க கேட்டா என்னடி சொல்லுவ?"
"காத்துல விழுந்துச்சுன்னு."
"ஒரு இலை ஆடலயே."
மிஸ் ஒசெல்லா தேவாலயத் தொப்பியோடு வீட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். "தூணு மேல படாம அடி."
அடிக்க அடிக்க அழுகை வந்தது. எதற்கு என்று கேட்டால் தெரியாது.

ஏப்ரல் 3
பழைய வீடு எதிலும் இனி எங்களுக்கு வேலை இல்லை — குழு சொல்லிவிட்டது. இந்த வீட்டோடு சரி. மாமா வேலையை மட்டும் நிறுத்தவில்லை.

ஏப்ரல் 19
தூண்களின் அடியில் அழுகியிருந்த இடத்துக்குப் புது மரம் ஒட்டுப்போட்டு வெள்ளை அடித்தாயிற்று. மிஸ் ஒசெல்லா முன்பக்கம் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் ஆடும் நாற்காலியில் நான். சர்க்கரை தூக்கலாக ஐஸ் டீ. தெருவில் யாரோ ஒருவன் காரின் வேகத்தைக் குறைத்தான். கண்ணாடி இறங்கியது.
"பெயிண்ட் நல்லாருக்கு மேடம்."
"தெரியும் போப்பா" என்று கையை ஆட்டினார்.
பிறகு பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அது ஆடிக்கொண்டிருந்தது. நான் வீட்டுக்குள், கதவுக்குப் பின்னால், டீ டம்ளரோடு நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.